மதில்மேல் வைத்த அமாவாசைச் சோறு

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், பழைய ஊர்க்காரர்களின் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெரு வரும். அந்தத் தெருவில் அமாவாசை அன்று காகம் இறங்காத வீடு ஒன்று இருந்தது.

மற்ற நாட்களில் இறங்கும். துணிக் கம்பியில் உட்காரும். குழாயடியில் தண்ணீர் குடிக்கும். சாமுண்டீஸ்வரி காயவைத்த வடகத்தைத் திருடிக்கொண்டு ஓடும். அமாவாசை வந்தால் மட்டும் எதிர்வீட்டு மதிலில் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்தபடியே, இந்த வீட்டு மதில்மேல் வைத்த இலையைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். சாமுண்டீஸ்வரி தொண்டை கம்மும்வரை "கா... கா..." என்று கூப்பிடுவாள். ஒன்றுகூட அசையாது. எள் கலந்த சோறு வெயிலில் காய்ந்து வெடிக்கும். கடைசியில் அவளே அதை எடுத்துப்போய்த் தெருமாட்டுக்கு வைப்பாள். மாடும் மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்விடும்.

அது அவள் கணவன் அரிகிருஷ்ணனுக்காக வைத்த சோறு.

அரிகிருஷ்ணன் அப்போது உயிரோடு இருந்தான்.

அரிகிருஷ்ணன் கேன் தண்ணீர் போடுகிறவன். ஏரிக்குக் கீழே நெல் விளைவித்த குடும்பம் அது. அப்பா காலத்தில் வயலெல்லாம் மனையாயிற்று. அண்ணன் குமரவேல் சிமெண்ட், கம்பிக் கடை வைத்து வெள்ளைச் சட்டைக்கு மாறிக்கொண்டான். தம்பிக்கு அந்த மிடுக்கு வரவில்லை. வீட்டுப் பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டான், ஒரு குட்டியானை வண்டி வாங்கினான், காலனி காலனியாக மாடி ஏறினான். கேன் உரசி உரசி அவன் நீலக் கட்டம்போட்ட சட்டைக்கு வலது தோள் மட்டும் நைந்து வெளுத்திருக்கும்.

"எங்கப்பா வயலுக்குப் பாய்ச்சினாரு, நான் மாடிக்குப் பாய்ச்சறேன். ரெண்டும் தண்ணிதான் சாமுண்டி" என்று சிரிப்பான். அவள் அவனுக்குத் தாய்மாமன் மகள். பாவாடை கட்டிய நாளிலிருந்து அவனை 'மாமா' என்றுதான் கூப்பிட்டாள். கல்யாணம் ஆன பிறகும் அந்தக் கூப்பாடு மாறவில்லை. குரலில் வெட்கம் மட்டும் கூடிற்று.

ஒவ்வொரு படிக்கட்டின் அடியிலும் நின்று அவன் ஒரு குரல் கொடுப்பான். கேம்ப் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மாடியில் தனியாக இருந்த நாகலக்ஷ்மி டீச்சர் வீட்டுக்கு என்றால் "டீச்சர், தண்ணீ!" என்று இழுத்துச் சொல்வான். டீச்சர் பணி ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாட்டில். கேனைக் கவிழ்த்துவிட்டு வருகிறவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்காமல் அவர் அனுப்பியதே இல்லை.

கார்த்திகை பிறந்தால் அரிகிருஷ்ணன் மலைக்கு மாலை போடுவான். அந்த மாதத்தில் சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் எங்கும் ஆண்களுக்கு முகம் இருக்காது. தாடி இருக்கும். கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையும் நெற்றியில் சந்தனமும் செருப்பில்லாத காலும் இருக்கும். பெயரும் இருக்காது, எல்லோரும் சாமிதான். எதிரே வருகிறவர் யாரென்று எவரும் கேட்க மாட்டார்கள். கும்பிட்டு, தலையைத் தாழ்த்தி, வழி விடுவார்கள்.

அப்படி ஒரு கார்த்திகையில்தான் நாகலக்ஷ்மி டீச்சர் தன் சமையலறையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார்.

எதிர் மாடிச் சத்யநாராயணன் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர். கோர்ட்டில் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. டீச்சர் வீட்டுப் படியில் ஒரு சாமி இறங்கிப் போனதைப் பார்த்தார். தாடி, கறுப்பு வேட்டி, மாலை.

"முகத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள்.

"மாலை போட்டவரை யார் சார் முகத்தைப் பார்ப்பாங்க? நான் கும்பிட்டேன். கும்பிடறப்ப கண்ணு தன்னால கீழ போயிடும்."

"கூண்டிலே நிக்கிறவர்தானா அது?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இவரும் மாலை போட்டவர். அந்த வீட்டுக்குப் போக வர இருக்கிறவர். இவராத்தான் சார் இருக்கணும்."

அந்த நேரம் அரிகிருஷ்ணன் பிள்ளையார் கோயில் பஜனையில் உட்கார்ந்திருந்தான். அதைச் சொல்லக் குருசாமியே கோர்ட்டுக்கு வந்தார். "எல்லாச் சாமியும் இருந்தாங்க" என்றார். குறிப்பாக இந்தச் சாமியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, பாவம், அவர் திணறிப்போனார். கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற கூட்டத்தில் யார் யாரைப் பார்த்தார்கள்? ஊரே ஒரே வேஷத்தில் இருந்த மாதம் அது. அந்த வேஷம் கொன்றவனை மறைத்தது, கொல்லாதவனையும் மறைத்தது. தண்ணீர் கேனில் அரிகிருஷ்ணனின் கைரேகை இருந்தது. அவன் போட்ட கேனில் வேறு யார் ரேகை இருக்கும்? ஆனால் அதுவே போதும் என்றாகிவிட்டது.

அபூர்வத்திலும் அபூர்வமான குற்றம் என்று சொல்லித் தூக்குத் தண்டனை விதித்தார்கள். மேல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. டி.வி.யில் அவன் பழைய படத்தைக் காட்டினார்கள். அதிலும் தாடி. மகள் ஓவியா, அப்போது பள்ளிச் சீருடையில் இருந்தவள், டி.வி.யை நிறுத்தாமல் அதன்மேல் தன் துப்பட்டாவைப் போட்டு மூடினாள். துணிக்கு அடியிலிருந்து அப்பாவின் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது.

அரிகிருஷ்ணனின் தாய் பட்டு அப்போது படுத்த படுக்கை. சாமுண்டீஸ்வரிக்கு அவள் மாமியார் மட்டுமல்ல, அப்பாவோடு பிறந்த அத்தையும்கூட. மூத்த மகனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"குமரு, தூக்குல போறவன் துர்மரணம்டா. பொணம் குடுப்பானுங்களோ மாட்டானுங்களோ. எம்புள்ள போக்கிடம் இல்லாம அலைவான்டா. நான் கண்ண மூடறதுக்குள்ள அவனுக்கு ஒரு வழி பண்ணு."

"அய்ய, இன்னாமா பேசற? அவன் உசுரோட கீறான்மா."

"இன்னும் எத்தினி நாளைக்கு? எனக்கு அப்பால யாருடா அவனுக்கு எள்ளும் தண்ணியும் வுடுவா?"

தாய்ப் பாசம் சில நேரம் எவ்வளவு கொடுமையாக இருக்கும்! பெற்ற பிள்ளை பேயாக அலையக் கூடாதே என்று உயிரோடு இருந்தவனுக்கே கருமாதி செய்யச் சொன்னாள் அந்தத் தாய்.

செய்தார்கள். தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் கட்டி, தோள் நைந்த அந்த நீலச் சட்டையை அதற்கு மாட்டிவிட்டார்கள். சுடுகாட்டில் குமரவேல் கொள்ளி வைத்தான். புல் உருவம் எரியும்போது வலது கை மட்டும் மெல்ல மேலே எழும்பிற்று, தோளில் கேன் வைத்திருப்பதுபோல. சூட்டில் புல் முறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான் என்று புரோகிதர் சுப்ரமணியன் சொன்னார். சொன்னவர் குரலும் சரியாக இல்லை. அன்றிலிருந்து குமரவேலின் வலது கையில் ஒரு நடுக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.

காரியத்தின் முடிவில், தாலி கழற்றப் பெண்கள் சாமுண்டீஸ்வரியைச் சூழ்ந்தார்கள். அவள் தாலியை வாய்க்குள் போட்டுக் கடித்துக்கொண்டாள். பற்களுக்கு நடுவே மஞ்சள் கயிறு தெரிய, சுவரோடு சுவராக நின்று ஒவ்வொருத்தியையும் முறைத்தாள். யாருக்கும் கிட்டே போகத் துணிவு வரவில்லை.

"பாதியிலே நிக்கறது. அரைக் காரியம் ஆகாதுமா" என்றார் புரோகிதர்.

"நிக்கட்டும்" என்றாள் அவள், கயிற்றைக் கடித்தபடியே.

சாகும் முன் பட்டு அவளிடம் சத்தியம் வாங்கினாள். அமாவாசை தவறாமல் சோறு வைக்க வேண்டும். நிறுத்தினால் அவன் அலைவான். அதனால்தான் அந்த இலை, அந்த எள், எதிர்மதிலில் அசையாத அந்தக் காகங்கள்.

சிறைக்குப் பார்க்கப் போகும்போது கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனிடம் இதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. ஓவியாவின் பரீட்சை பற்றிச் சொல்வாள், குட்டியானையை விற்றதைச் சொல்வாள். அவனும் தலையாட்டுவான். போகப் போக அவன் தலையாட்டுவதும் குறைந்தது.

வருடங்கள் ஓடின. வழக்கை எடுத்துக்கொண்ட வக்கீல் ரோஹிணி ஒருநாள் டெல்லியிலிருந்து போன் செய்தாள். "சாமுண்டிக்கா, அக்விட்டல்! விடுதலைக்கா! மாலையையும் தாடியையும் அடையாளம் காட்டினா அது ஆளை அடையாளம் காட்டினதாகாதுன்னு ஜட்ஜ் தெளிவா சொல்லிட்டார். இதைத்தானே நாம முதல்லேர்ந்து சொல்லிட்டிருந்தோம்!" சொல்லிவிட்டு அந்தப் பெண் போனிலேயே அழுதாள்.

சாமுண்டீஸ்வரி அழவில்லை. போனை வைத்துவிட்டு முதல் வேலையாக, கூடத்துச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த அவன் படத்தை இறக்கினாள். மாலையைக் கிணற்றில் போட்டாள். ஆனால் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக, வெளுப்பாக, கண் திறந்து பார்ப்பதுபோல நின்றது.

நல்ல வெயில் நேரத்தில் அவன் வந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கியவனைப் பார்த்து, தெருமுனை நாய்கள், போஸ்ட்மேனைக்கூட விடாத நாய்கள், ஒரு குரல் கொடுக்கவில்லை. எழுந்து பின்வாங்கி, ஒதுங்கி வழிவிட்டன. தாடி இல்லை. முடி நரைத்திருந்தது. சித்திரை வெயில்போல அடித்த அந்த வெயிலில் ஆட்டோக்காரன் துண்டால் துடைத்துத் துடைத்து மாளவில்லை. அரிகிருஷ்ணனின் நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை.

வாசற்படியில் குமரவேல் குறுக்கே நின்றான். தம்பியைக் கட்டிக்கொள்ளத்தான் வந்தான். கை நடுங்கியது. கட்டிக்கொள்ள முடியவில்லை.

"உள்ள வராதடா" என்றான். "அப்பறமா வா. ஐயரைக் கேட்டுகினு..."

"பெரியமாமா!" சாமுண்டீஸ்வரியின் குரல் கிரீச்சிட்டது. "இது அவரு வூடு!"

"எனக்குத் தெரியாதா? நான் கொள்ளி வெச்சவன் சாமுண்டி! என் கையால எரிச்சவன் என் எதிர்ல வந்து நிக்கறான். செத்தவனுக்குச் செய்யறது எல்லாம் செஞ்சிட்டு அவன வூட்டுக்குள்ள இட்டா, அது ஒரு உசுர எடுக்காம போவாது. வயசுப் பொண்ணு கீது வூட்ல!"

இதுவரை யாரும் அரிகிருஷ்ணனிடம் சொல்லாத விஷயம் இப்படி நடுத்தெருவில் விழுந்து உடைந்தது. சாமுண்டீஸ்வரிக்கு உயிர் போய் வந்தது. மெல்லத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

"தெரியும்ணா" என்றான். "என் நீலச் சட்டையப் போட்டுத்தானே எரிச்சீங்க?"

குமரவேல் கதவைப் பிடித்துக்கொண்டான்.

அரிகிருஷ்ணன் யாரையும் குறை சொல்லவில்லை. நேராகப் பக்கவாட்டுக் கொட்டகைக்குப் போனான். பழைய காலி கேன்களுக்கு நடுவே, தூசியோடு தூசியாக உட்கார்ந்துகொண்டான். அங்கேயே இருந்துவிட்டான்.

சாமுண்டீஸ்வரி சாப்பாடு கொண்டுபோனால் ஒரு வாய் தொட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவான். பசிக்கவில்லை என்பான். கதவு திறந்தே இருந்தாலும், சிறையில்போல, யாராவது வந்து கூப்பிட்டால்தான் வெளியே வருவான். நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓவியா, காலையில் ஸ்கூட்டியை எடுக்கும்போது கொட்டகைப் பக்கம் திரும்பாமல் ஓடுவாள்.

"பேசுடி. உங்கப்பாடி" என்றாள் தாய்.

"என்னால முடியலம்மா. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் அப்பா செத்துட்டார்னு சொல்லியிருக்கேன். என் ஃப்ரெண்ட் பிளஸ்ஸி எனக்காகச் சர்ச்ல ப்ரே பண்ணினாம்மா. இப்ப போய் என்னன்னு சொல்றது? அதுவும் இல்லாம..." அவள் குரல் தாழ்ந்தது. "அவர் நடந்தா சத்தமே கேக்க மாட்டேங்குதும்மா."

அன்று மத்தியானம் சாமுண்டீஸ்வரி கொட்டகைக்குள் போய் அவன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, கேக்கறதுக்குப் பதில் சொல்லு. சட்டைய எரிச்சது உனக்கு யாரு சொன்னா?"

அவன் அவளைப் பார்க்காமல், கேன்களைப் பார்த்துச் சொன்னான்.

"ஒருநாள் ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சு சாமுண்டி. தண்ணி ஊத்துங்கடான்னு கத்தினேன். டாக்டர் வந்து காய்ச்சலே இல்லன்னாரு. எனக்குத் தோள்ல மட்டும் துணி கருகற வாசன. என் சட்டை வாசன எனக்குத் தெரியாதா? அதுக்கு அப்பால பசி போயிடுச்சு. வேர்வை போயிடுச்சு."

"அப்பறம்?"

"மாசத்துல ஒருநாள் மட்டும் வவுறு ரொம்பிடும். யாரோ ஊட்டி வுட்டா மாதிரி. வாயெல்லாம் எள்ளு ருசி. பக்கத்து செல்லுல ஒருத்தன் இருந்தான். அவன்கிட்ட இன்னிக்கு இன்னாடா நாளுன்னு கேப்பேன். அமாவாசைன்னுவான்."

சாமுண்டீஸ்வரியின் உள்ளங்கால் சில்லிட்டது. காகம் தொடாத அந்தச் சோறு எங்கே போயிற்று என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. மாட்டுக்குக்கூடப் பிடிக்காமல் போனது ஏன் என்றும் தெரிந்தது. தின்றவன் வேறொருவன். தன் கையால் உருட்டி, தன் கையால் இலையில் வைத்து, மாதம் தவறாமல் அவள் தன் புருஷனுக்குப் பிணச்சோறு ஊட்டியிருக்கிறாள்!

"அய்யோ மாமா!" என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டாள். வருடக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்த அழுகையெல்லாம் அந்தக் கொட்டகையில் கொட்டிற்று. அவன் அவள் தலையில் கை வைத்தான். அந்தக் கை தண்ணீர் கேன்போல் குளிர்ந்திருந்தது.

அழுது முடித்ததும் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, குமரவேலையும் கூட்டிக்கொண்டு நேரே புரோகிதர் வீட்டுக்குப் போனாள்.

"உன் தாலியாலதான் அவன் பாதியில நிக்கறானாம். ஐயர் சொல்றாரு" என்றான் குமரவேல்.

"என் தாலியாலதான் அவரு தூக்குலேர்ந்து எறங்கி வந்தாரு!" அவள் போட்ட சத்தத்தில் புரோகிதர் வீட்டு உள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "அரைக் காரியத்துல மீதி அரையும் செய்யறதுக்கு நான் வரல. செஞ்சத அவுக்க வந்திருக்கேன். வழி சொல்லுங்க சாமி."

சுப்ரமணியன் கண்ணை மூடி யோசித்தார். "என் தகப்பனார் சொல்லிக் கேட்டிருக்கேன். செத்ததா நெனச்சுக் காரியம் பண்ணினவா திரும்பி வந்தா, மறுபடியும் பொறக்கணும். தண்ணியிலே கருவா இருந்து வெளியே வரணும். பேர் வைக்கணும். மறுபடி விவாகம் பண்ணிக்கணும். நான் பண்ணினதில்லே. பண்ணிப் பார்த்தவாளையும் தெரியாது."

"நீங்க உசுரோட இருந்தவருக்குக் கருமாதி பண்ணினீங்க. அதுவும் அதுக்கு முன்னாடி பண்ணினதில்லதானே?" என்றாள் அவள்.

அவர் பஞ்சாங்கத்தை எடுத்துப் பிரித்து நாள் பார்த்தார்.

கொல்லைப்புறத்தில், கேன் கழுவ வைத்திருந்த பெரிய நீல டிரம்மைத் தேய்த்துக் கழுவினார்கள். திருநீர்மலைக் கோயில் குளத்திலிருந்து குமரவேலே குடங்களில் தண்ணீர் கொண்டுவந்தான். காலை வெயில் ஏறிய நேரம். அரிகிருஷ்ணன் டிரம்முக்குள் இறங்கினான். முட்டியை மடக்கி, கை விரல்களை மூடி, கர்ப்பத்துச் சிசுபோலக் குறுகினான். தலையும் உள்ளே போயிற்று. தண்ணீர் மூடிக்கொண்டது.

புரோகிதர் மந்திரம் சொன்னார். தண்ணீர் மேல் சின்ன அலைகள் எழுந்து, அடங்கி, கண்ணாடிபோல நின்றன. ஒரு குமிழி வரவில்லை. வேப்பமரத்தின் நிழல் அதில் அசையாமல் கிடந்தது. கீழே அவன் முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணில் பயமில்லை, தவிப்பில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. கடைசியில் தனக்கு ஏற்ற இடம் கிடைத்துவிட்டதுபோல அவன் அங்கே நிம்மதியாக இருந்தான்.

"போதும், வரச் சொல்லுங்கோ" என்றார் புரோகிதர்.

"மாமா!" என்றாள். அவன் அசையவில்லை. "மாமா! எழுந்திரு மாமா!"

அடுத்த கணம் சாமுண்டீஸ்வரி முழங்கைவரை டிரம்முக்குள் கையை விட்டு அவன் தலைமுடியைப் பற்றினாள். ஏதோ ஒன்று கீழேயிருந்து அவனைப் பிடித்திழுப்பதுபோல அவன் கனத்தான். தண்ணீருக்கு அவ்வளவு கனம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். கேன் தூக்கிப் பழகிய வீட்டுப் பெண் அவள். "ஓவியா!" என்று அலறினாள். கொல்லை வாசலில் ஒதுங்கி நின்ற மகள், பயத்தையெல்லாம் உதறிவிட்டு ஓடிவந்தாள். தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். டிரம் சாய்ந்து கவிழ்ந்தது. கொல்லை முழுக்கத் தண்ணீர். அதன் நடுவில், மண்ணும் வேப்பிலையும் அப்பிய உடம்போடு, அரிகிருஷ்ணன் இருமி, மூச்சை இழுத்து, வாய்விட்டு அழுதான். பிறந்த குழந்தையின் அழுகை அது. சிறையில் ஒருநாளும் அழாதவன் அழுதான்.

"காதிலே பேரைச் சொல்லும்மா. மூணு தரம்" என்று மகளிடம் சொன்னார் புரோகிதர்.

ஓவியா சேற்றில் மண்டியிட்டு அவன் காதருகே குனிந்தாள். பெயர் வரவில்லை. "அப்பா" என்றாள். "அப்பா... அப்பா..."

"அது பேரில்லையேம்மா" என்று தொடங்கியவர், அவர்களைப் பார்த்துவிட்டு, "சரி, அதுவே இருக்கட்டும்" என்றார்.

புதுத் தாலியைத் தட்டில் வைத்து நீட்டினான் குமரவேல். சாமுண்டீஸ்வரி தன் கழுத்துக் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இத அவுக்கவேயில்ல பெரியமாமா. எதுக்கு இன்னொண்ணு?"

அன்று அவன் வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தான். கூடத்தில் படுத்தான். ஆனால் பசி மட்டும் வரவில்லை. வியர்வையும் வரவில்லை. சுவரில் இருந்த வெளுத்த சதுரத்தின் கீழேயே போய்ப் போய் உட்கார்ந்தான். சடங்கு அவனை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. உயிருக்குள் கொண்டுவரவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதுவும் சாமுண்டீஸ்வரியின் கையில்தான் இருந்தது.

கார்த்திகை அமாவாசை வந்தது.

விடிந்ததுமே குமரவேல் வந்து நின்றான். "இந்த ஒரு வாட்டி வெச்சிடு சாமுண்டி. அம்மா சத்தியம் வாங்கிகினு போச்சு. சட்டுனு நிறுத்தி, ஏதாச்சும் பேஜார் ஆயிடப்போவுது. எனக்கு பயமா கீது."

"அத்த வாங்கின சத்தியம் செத்தவருக்கு. என் புருஷன் உள்ள உக்காந்துகினு கீறாரு."

எள்ளை எடுத்துக் குப்பையில் கொட்டினாள். அரிசி களைந்தாள். முருங்கைக்காய்ச் சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம். மதில்மேல் இலை வைக்கவில்லை.

எதிர்மதிலில் காகங்கள் வந்து உட்கார்ந்தன. வழக்கத்தைவிட அதிகம். ஒன்றும் கத்தவில்லை. வெற்று மதிலையே பார்த்தன. தெருவில் வண்டிச் சத்தம்கூட அடங்கிப்போன ஓர் உச்சிவெயில். கூடத்தில் அரிகிருஷ்ணன் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். முகம் வெளிறியது. உதடு நீலம் பாய்ந்தது. ஓவியா கத்திக்கொண்டு ஓடிவந்து அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா! கை ஐஸ் மாதிரி இருக்கும்மா! ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"வெச்சிடு சாமுண்டி!" குமரவேல் கையெடுத்துக் கும்பிட்டான். "உன் கால்ல வேணா வுழறேன், ஒரு புடி எள்ளுச் சோறு வெச்சிடு! போயிடப்போறான்!"

சாமுண்டீஸ்வரி அசையவில்லை. சத்தியத்தை மீறிவிட்டோமோ, தூக்குக் கயிற்றிலிருந்து தப்பி வந்தவனைத் தன் பிடிவாதத்தால் கொல்லப்போகிறோமோ என்று ஆயிரம் எண்ணம் வந்து மோதிற்று. தாலியை எடுத்து மறுபடியும் பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்துக்கொண்டாள். புருஷன் எதிரில் வாழையிலையை விரித்து, தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கும் சோற்றைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அவன் கண் திறந்தான். சோற்றைப் பார்த்தான். தொண்டை ஏறி இறங்கிற்று.

"சாமுண்டி" என்றான். "பசிக்குது."

வாயிலிருந்து கயிறு நழுவியது. அவள் ஊற்றிய சாம்பார் பாதி இலையில் விழுந்தது, பாதி தரையில் விழுந்தது. அவன் தின்றான். முருங்கைக்காயை உறிஞ்சித் தின்றான். இன்னும் போடு, இன்னும் போடு என்று தின்றான். "உப்பு கம்மியா கீது" என்று குறை சொன்னான். ஓவியா சிரித்துக்கொண்டே அழுதாள். "அம்மா எப்பவுமே கம்மியாத்தான் போடுவாங்கப்பா. நான் கேட்டா பிபின்னுவாங்க." ரசம் குடிக்கும்போது அவன் நெற்றியில் ஒரு துளி முளைத்தது. அது உருண்டு, மூக்கோரம் இறங்கி, இலையில் சொட்டியது. குமரவேல் தூணில் சாய்ந்து தன் வலது கையை விரித்துப் பார்த்தான். நடுக்கம் நிற்கவில்லை. அது கடைசிவரை நிற்கவேயில்லை.

கை கழுவும் முன் அரிகிருஷ்ணன் ஒரு பிடி சோற்றைத் தனியாக எடுத்து உருட்டினான். ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டான். மதிலருகே போனான்.

"யாருக்கு மாமா?" என்றாள் அவள், பதறிப்போய்.

"டீச்சருக்கு. அவங்க மவன் அங்கேர்ந்து இன்னா செய்வான், பாவம்." உருண்டையை மதில்மேல் வைத்தான். பக்கத்தில் சொம்பு. பிறகு, படிக்கட்டின் அடியில் நிற்பவன்போலத் தலையை உயர்த்தி, அந்தப் பழைய குரலில் இழுத்துக் கூப்பிட்டான்.

"டீச்சர், தண்ணீ!"

எதிர்மதிலிலிருந்து ஒரே ஒரு காகம் எழுந்தது. கழுத்து வெளுத்த காகம். வந்து இறங்கிச் சொம்பின் விளிம்பில் உட்கார்ந்து, அலகை விட்டுத் தண்ணீர் குடித்தது. ஆசை தீரக் குடித்தது. சோற்றைத் தொடவில்லை. மதிலில் அப்படியே உட்கார்ந்து தெருவைப் பார்த்தது.

"அவங்களுக்கு இன்னும் ஆறல சாமுண்டி" என்றான் அரிகிருஷ்ணன். கொன்றவன் யாரென்று அன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

தெருமுனையில் சரண கோஷம் கேட்டது. மத்தியானப் பூஜை முடிந்து சாமிமார்கள் கூட்டமாக வந்தார்கள். தாடி, கறுப்பு வேட்டி, மாலை, சந்தனம். வாசல்களில் நின்றவர்கள் கும்பிட்டுத் தலையைத் தாழ்த்தினார்கள். குமரவேல் தாழ்த்தினான். ஓவியா தாழ்த்தினாள். சாமுண்டீஸ்வரியும் கைகூப்பினாள். ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாடிக்குள் இருந்த ஒவ்வொரு முகத்தையும், ஒன்றுவிடாமல், நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் தலைக்கு மேலே, மதிலில் இருந்த காகமும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அதையேதான் செய்துகொண்டிருந்தது.